செம்மறிப் பட்டி எருவை மட்கவைத்துக் காய்கறித் தோட்டத்துக்கு இட்ட அனுபவம்

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட எங்கள் வட்டாரத்தில் நிலத்தின் பெரும்பங்கு கொறங்காடு. கிளுவை முள்ளை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் வளர விட்டு, காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் மேய்வதற்கென்றே தலைமுறைகளாக ஒதுக்கப்பட்டு வரும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். செம்மறிகள் இருக்கும் ஊரில் எருவுக்குப் பஞ்சமில்லை. இருந்தும், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் நகரத்துக் கடையில் விற்கும் மண்புழு உர மூட்டையை வாங்கி வருகிறார்கள். பட்டியடி எருவோ வண்டி வண்டியாக வெளியூருக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் உள்ள ஐந்து சென்ட் தோட்டத்தை முழுக்க முழுக்கச் செம்மறி எருவைக் கொண்டே நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்து, அதை ஒழுங்காக மட்கவைத்து, அளந்து இட்டு, விளைவைப் பாத்தி பாத்தியாகக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது இது.

தோட்டத்து மண் செம்மண். ஓரடி ஆழத்துக்குக் கீழே சுக்கான் கல் கலந்தது. நீர் பாய்ச்சிய மறுநாளே மேல்மண் ஓடுபோல இறுகிவிடும், முளைவிட்ட வெண்டை விதை அதைப் பிளந்துகொண்டு வரத் திணறும். சுண்ணாம்புத் தன்மை கூடியிருப்பதால் கறிவேப்பிலையின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளித்துப் போவது இங்கே எல்லா வீட்டிலும் காணும் காட்சி. இப்படிப்பட்ட மண்ணுக்குச் சத்தைவிட முதலில் தேவைப்படுவது மட்கு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் பொருள் என்பதாலேயே ஆட்டெருவைத் தேர்ந்தெடுத்தேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் சராசரிக் கணக்குப்படி ஆட்டெருவில் 3 சதவீதம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), 1 சதவீதம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 2 சதவீதம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உண்டு. சாதாரணத் தொழு உரத்தில் அவை முறையே ஏறத்தாழ 0.5, 0.2, 0.5 சதவீதம்தான். இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம் தண்ணீர். மாட்டுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். செம்மறியோ வறண்ட நிலத்துக்கு ஏற்ற உடலமைப்பு கொண்டது; குடலின் கடைசிப் பகுதியில் நீரை உறிஞ்சிக்கொண்டு, திரண்ட சிறு உருண்டைகளாகப் புழுக்கையை வெளியேற்றுகிறது. அது தவிர, செம்மறி தான் தின்றதை மாட்டைவிட நுணுக்கமாக மென்று அரைக்கிறது. புழுக்கையை உடைத்துக் கையில் தேய்த்தால் நார் தட்டுப்படாமல் தூளாக உதிர்வது அதனால்தான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அந்தத் தூள் எளிதில் வசப்படுகிறது. ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்’ என்று குடியானவர்கள் சொல்லி வருவதில் இந்த நுணுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் புழுக்கையை மட்டும் எரு என்று எண்ணுவது சரியல்ல. ஆடு தின்ற தீவனத்திலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி மூத்திரத்தில் போகிறது. சாம்பல்சத்தின் பெரும்பங்கும் அதில்தான். மணிச்சத்து மட்டுமே பெரும்பாலும் புழுக்கையில் தங்குகிறது. வெறும் தரையில் நிற்கும் ஆட்டின் மூத்திரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அல்லது வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும். நம் முன்னோர் வயலிலேயே படல் என்னும் தட்டிகளைக் கட்டி, ஆடுகளை அடைத்துப் பட்டி போட்டு, இடத்தை மாற்றிக்கொண்டே வந்து, ஆடு நின்ற நிலத்தை உடனே மேலாக உழுதுவிட்டதற்குக் காரணம் இதுவே: மூத்திரமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே பயிருக்குச் சேர்ந்துவிடும், சுமக்கும் வேலையும் இல்லை. தென் மாவட்டங்களில் இதையே கிடை போடுவது என்பார்கள். ஐந்து சென்ட் தோட்டத்துக்குள் பட்டி போட இயலாது. ஆகவே அந்த மூத்திரத்தை எப்படித் தோட்டம் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் என் முயற்சியின் மையக் கேள்வியாக இருந்தது.

எங்களுக்கு எரு தரும் பட்டிக்காரப் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் மண்வெட்டியால் பட்டித் தரையைக் கொத்தி, ஒரு கட்டியைப் புரட்டிக் காட்டினார். “மேல கெடக்கறது காஞ்ச புழுக்கைங்க. சத்தெல்லாம் அடியில மூத்திரம் ஊறிக் கெடக்குது பாருங்க, அதுலதானுங்க இருக்குது” என்றார். அவர் காட்டிய கட்டியின் மேற்புறம் சாம்பல் நிறத்தில் உலர்ந்து, புழுக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. விரல் ஆழத்துக்குக் கீழே அவை நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கருமையாகப் பளபளத்தன. முகத்தருகே கொண்டுபோனதும் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தது. அந்த நெடிதான் காற்றில் கலந்துகொண்டிருக்கும் தழைச்சத்து.

பட்டித் தரையில் உலர்ந்த கூளத்தைப் பரப்பிவைக்க அவரைக் கேட்டுக்கொண்டேன். கூளம் என் பொறுப்பு. எதைப் பரப்புவது என்பதில் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. காங்கேயம் பக்கம் தென்னைநார்க் கழிவு தாராளமாகக் கிடைக்கும். நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அது மட்குவதற்கு மிகவும் தாமதமாகும், அதிலேயே இயல்பாக உப்பும் இருக்கும். நறுக்கிய சோளத்தட்டும் நிலக்கடலை ஓடும் கலந்து பரப்புவது என்று தீர்மானித்தோம். சோளத்தட்டின் நடுத்தண்டில் உள்ள பஞ்சு போன்ற சோறு மூத்திரத்தை இழுத்துக்கொள்கிறது. கடலை ஓடு ஆடுகளின் குளம்படியில் அமுங்கிப் போகாமல் காற்றுக்கு இடைவெளி விடுகிறது. ஈரம் தெரியும் இடத்தில் மட்டும் மேலும் கொஞ்சம் தூவச் சொன்னேன். ஆடுகள் உலர்ந்த தரையில் படுப்பதால் குளம்பு நோவு குறையும் என்று பெரியவரும் மனம் ஒப்பி இதைச் செய்தார். கூளம் பரப்பாத பக்கத்துப் படலிலிருந்தும் (தட்டியால் பிரித்த அடைப்பு) ஒரு பகுதி எருவை ஒப்பீட்டுக்காகத் தனியே வாங்கிக்கொண்டேன்.

விலைக்கு எரு வாங்குகிறவர்கள் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். பட்டியைக் கூட்டி அள்ளும்போது செம்மண்ணும் சரளையும் சேர்ந்தே வரும். எடையில் அது கணிசமானது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை எருவைப் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் நன்றாகக் கலக்கி மேல்நீரைச் சாய்த்து ஊற்றினால் அடியில் மணல் தங்கும். கூளம் பரப்பாத படலிலிருந்து வந்த எருவில் வாளியின் அடி மூடும்படி மணல் நின்றது. கூளப் படலிலிருந்து வந்ததில் மிகக் கொஞ்சமே இருந்தது. புத்தகத்தில் உள்ள 3 சதவீதக் கணக்கை அப்படியே நம்பி அளவு போடக் கூடாது என்பதற்கு இந்த மணலே போதிய காரணம்.

அடுத்தது குவியல். காய்ந்த புழுக்கைக்கு ஒரு தொல்லையான குணம் உண்டு: வெளிப்புறம் வழவழப்பான மெல்லிய படலம் உலர்ந்து இறுகியிருப்பதால், மேலே ஊற்றும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். குவியலின் மேற்பரப்பு நனைந்து, உள்ளே எல்லாம் காய்ந்தபடியே இருக்கும். காய்ந்த குவியல் சூடேறாது. எத்தனை மாதம் கிடந்தாலும் புழுக்கை புழுக்கையாகவே இருக்கும். அதனால் புழுக்கையைச் சிமெண்ட் களத்தில் மெல்லிதாகப் பரப்பி, தடிக் கட்டையால் தட்டி ஒன்றிரண்டாக உடைத்து, பூவாளியால் தெளித்து, சாக்குப் போட்டு மூடி ஓர் இரவு வைத்தேன். மறுநாள் காலை ஒரு புழுக்கையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் நொறுங்காமல் மாவாக நசுங்கியது. அந்தப் பதம் வந்த பிறகே குவியலில் சேர்த்தேன். இந்த ஒரு வேலையைச் சோம்பலின்றிச் செய்தால் மட்கும் காலம் பெருமளவு குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மட்கு நல்லபடியாக உருவாகக் கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். ஆட்டெருவில் தழைச்சத்து மிகுதி என்பதால் கரிமம் போதாது; ஆகவே சருகும் தட்டும் சேர்க்காமல் புழுக்கையை மட்டும் குவித்தால் மிகுதியான தழைச்சத்து நெடியாக வெளியேறும். கூளம் பரப்பிய படலின் எருவில் தட்டும் ஓடும் ஏற்கெனவே கலந்திருந்ததால் அதற்குக் கொஞ்சம் வேப்பஞ்சருகு மட்டும் சேர்த்தேன். கூளமில்லாத எருவுக்கு ஒரு கூடை புழுக்கைக்கு ஒரு கூடை சருகும் நறுக்கிய தட்டும் என்ற கணக்கில் அடுக்கடுக்காகப் போட்டேன். இரண்டு குவியல்களும் வேப்பமர நிழலில், மூன்றரை அடி உயரமும் அதே அகலமும் கொண்டவை. மூன்று அடிக்குக் குறைந்தால் உள்ளே பிறக்கும் சூடு தங்காமல் வெளியேறிவிடும். ஈரம் சரியா என்று பார்க்கக் குவியலின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி மட்டும் கசிந்தால் போதும், ஒழுகினால் அதிகம்.

வழக்கமாகக் குப்பைமேட்டில் அடுப்புச் சாம்பலையும் கொட்டுவார்கள். இந்தக் குவியலில் நான் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்க்கவே இல்லை. இரண்டும் காரத்தன்மை கொண்டவை. காரம் ஏறினால் அம்மோனியா வேகமாகப் பிரிந்து பறந்துவிடும். சாம்பல்சத்து வேண்டுமென்றால் சாம்பலைத் தனியாக வைத்திருந்து பின்னர் நிலத்தில் இடலாம். எங்கள் மண்ணைப் போலச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு அதுவும் தேவையில்லை.

குவியல் சூடேறுவதை அறியக் கடப்பாரையை நடுவில் செருகி வைத்து, பத்து நிமிடம் கழித்து உருவி முனையைத் தொட்டுப் பார்ப்பது பழைய முறை. பிடிக்க முடியாத அளவு சுட்டால் நல்ல சூடு என்று பொருள். அதோடு நீண்ட தண்டுள்ள ஒரு வெப்பமானியையும் பயன்படுத்தினேன். கூளப் படல் எருவின் நடுப்பகுதி முதல் வாரம் முடிவதற்குள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மற்றக் குவியல் மெதுவாகவே ஏறியது. ஓரங்களில் மட்டும் வெப்பம் கை பொறுக்கும் அளவிலேயே நின்றது. இந்த ஓரம்தான் பின்னால் சொல்லப்போகும் களைச் சிக்கலுக்குக் காரணம். அமெரிக்க நாட்டின் இயற்கை வேளாண்மைச் சான்றளிப்பு விதி, நீள்குவியல் முறையில் மட்கவைக்கும் எரு 55 முதல் 77 டிகிரி வரையான சூட்டில் 15 நாட்கள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையேனும் புரட்டப்பட வேண்டும் என்கிறது. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழிய இவ்வளவு தேவை என்பது அதன் அடிப்படை. வீட்டுத் தோட்டத்துக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை என்றாலும் அந்த அளவையே நானும் இலக்காக வைத்துக்கொண்டேன். சூடு இறங்கத் தொடங்கும்போதெல்லாம் குவியலைப் பிரித்து, ஓரத்தில் கிடந்ததை நடுவுக்கும் நடுவில் கிடந்ததை ஓரத்துக்கும் மாற்றிப் புதிதாகக் குவித்தேன். புரட்டும்போது ஈரம் குறைந்திருந்தால் தெளிப்பேன். புரட்டிய மறுநாளே மீண்டும் சூடேறுவது, உள்ளே இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

களை விதை விஷயத்தில் செம்மறி எரு மற்ற எருக்களைவிடக் கூடுதல் கவனம் கேட்கிறது. கோடையில் புல் காய்ந்துவிட்டால் ஆடுகள் வெள்வேலங்காயையும் சீமைக்கருவேலங்காயையும் விரும்பித் தின்கின்றன. அந்தக் காய்களின் சதை செரித்துவிடும். கல் போன்ற விதையில் ஒரு பங்கு செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறும். வயிற்று அமிலத்தில் ஊறி மேல்தோல் இளகியிருப்பதால் ஈரம் பட்டதும் அது முளைக்கவும் செய்யும். எங்கள் ஊர்க் காடுகளில் சீமைக்கருவேலம் பரவியதில் ஆடுமாடுகளின் பங்கு பெரியது. என் குவியலின் ஓரத்தில், ஒரு மழைக்குப் பிறகு, இரட்டை விதையிலைகளோடு சீமைக்கருவேலங் கன்றுகள் வரிசையாக எழுந்து நின்றன. குவியலின் நடுவிலிருந்து எடுத்த எருவில் ஒன்றுகூட முளைக்கவில்லை. உலர்ந்த சூட்டைக் கெட்டி விதை தாங்கிக்கொள்ளும், ஈரமான சூட்டைத் தாங்காது. ஆகவே ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டுவதும் ஈரத்தை விடாமல் காப்பதும் கட்டாயம். முளைத்துவிட்ட கன்றுகளைப் பிடுங்கி அங்கேயே போட்டுப் புரட்டிவிட்டால் அவையும் எருவாகிவிடும்.

இன்னொரு விருந்தாளி காண்டாமிருக வண்டு. தென்னந்தோப்பு சூழ்ந்த எங்கள் பக்கத்தில் எருக்குழிதான் அதன் பிறப்பிடம். குவியலின் சூடு தணிந்த பிறகு, கட்டைவிரல் பருமனில் வெண்மையான உடலும் செம்பழுப்புத் தலையுமாக, வளைந்து சுருண்ட புழுக்கள் அடிப்பகுதியில் தட்டுப்பட்டன. அவை வண்டாகிப் பறந்தால் தென்னையின் குருத்துக்குத்தான் சேதம். புரட்டும்போது பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். எருக்குழி பெரியதாக இருப்பவர்கள் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்துவிடலாம். அது புழுவின் உடலில் பரவி அதைக் கொன்றுவிடும். வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் வழி இது. எப்படியானாலும், சூடு தணிந்த எருவை மாதக்கணக்கில் திறந்தபடி போட்டு வைக்காமல், சலித்துச் சாக்கில் கட்டிவிடுவதே வண்டுக்கு இடம் கொடுக்காத எளிய வழி.

எரு மட்கிவிட்டதா என்பதை நெடியைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்: அம்மோனியா நெடி முற்றிலும் நீங்கி, முதல் மழைக்குப் பிந்தைய மண்வாசனை வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முளைப்புச் சோதனையும் செய்தேன். ஒரு தொட்டியில் தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பி, இன்னொன்றில் மண்ணும் எருவும் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, இரண்டிலும் வெந்தயம் விதைத்தேன். மட்காத எருவில் உப்பும் அம்மோனியாவும் மிகுந்திருப்பதால் முளை கருகும் அல்லது வேர் நுனி பழுப்பாகும். கூளப் படல் எரு கலந்த தொட்டியில் முளைப்பு மண் தொட்டியைப் போலவே சீராக வந்து, விதையிலை கூடுதல் பசுமையாக இருந்தது. மற்றக் குவியலின் எரு அதே சமயத்தில் இன்னும் தயாராகவில்லை. அதை மேலும் சில வாரங்கள் விட்டுவைத்தேன். நாற்றங்காலுக்கு எருவைச் சேர்க்கும் யாரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விதைக்க வேண்டாம்.

எவ்வளவு இடுவது என்பதற்கு நான் போட்ட கணக்கு இது. காய்கறிப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. தொழு உரத்தில் 0.5 சதவீதம் தழைச்சத்து என்று கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிராம் தழைச்சத்து சேர்கிறது. சுத்தமான ஆட்டெருவில் அதே தழைச்சத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான எரு போதும். ஆனால் என் எருவில் தட்டும் ஓடும் சருகும் கொஞ்சம் மண்ணும் ஈரமும் கலந்திருக்கின்றன. ஆகவே சத்து சரிபாதி என்று வைத்துக்கொண்டு, சதுர மீட்டருக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை என முடிவு செய்தேன். மாட்டெருவை இடும் அளவிலேயே ஆட்டெருவையும் அள்ளிக் கொட்டுவது வீண், பயிருக்குக் கெடுதலும்கூட. மிதமிஞ்சிய தழைச்சத்தில் தக்காளிச் செடி இலையும் கொம்புமாகக் கொழித்துப் பூவைக் குறைத்துவிடும், சாறுறிஞ்சும் பூச்சிகளையும் அழைத்துவிடும்.

ஒரே மண், ஒரே நீர் உள்ள மூன்று பாத்திகளை ஒப்பீட்டுக்கு ஒதுக்கினேன். முதலாவதில் மட்கவைத்த செம்மறி எரு. இரண்டாவதில் உடைத்த பச்சைப் புழுக்கையை அப்படியே மண்ணில் கொத்திவிட்டது. மூன்றாவதில் பழைய மாட்டெரு. மூன்றிலும் பாதிக்குக் கத்தரி நாற்று, மீதிக்கு மிளகாய் நாற்று. பச்சைப் புழுக்கைப் பாத்தியில் நட்ட முதல் இரண்டு வாரங்களில் இலை விளிம்பு தீய்ந்தது. மிளகாய் நாற்றில் அது தெளிவாகத் தெரிந்தது, சில செடிகள் பட்டுப்போயின. பிழைத்தவை ஒரு மாதத்துக்குப் பிறகு வேகம் பிடித்து, மாட்டெருப் பாத்தியை எட்டிவிட்டன. மட்கிய எரு இட்ட பாத்தியில் இந்தத் தயக்கமே இல்லை. கத்தரி முதல் பறிப்புக்கு அங்குதான் முந்தியது, இலை கரும்பச்சையாக அகன்றிருந்தது. மாட்டெருப் பாத்தி அமைதியாகத் தொடங்கியது; பருவத்தின் பின்பாதியில் அதன் செடிகளும் மற்றவற்றுக்கு ஏறக்குறைய இணையாகக் காய்த்தன.

எனக்கு விளைச்சலைவிடப் பெரிதாகப்பட்டது மண்ணில் வந்த மாற்றம். ஐப்பசி மழைக்குப் பிறகு செம்மறி எருப் பாத்தியின் மேல்மண் ஓடுகட்டவில்லை. களைக்கொத்தைப் போட்டால் கட்டியாகப் பெயராமல் பொலபொலவென்று உதிர்ந்தது. செடிகளுக்கிடையில் மண்புழு கழித்த சிறு குருணைகள் தென்பட்டன. எருவில்லாத வரப்பில் அவை இல்லை. நீர் பாய்ச்சும் இடைவெளியை ஒரு நாள் தள்ளிப்போட முடிந்தது. கோடையில் இந்த ஒரு நாள் எங்கள் கிணற்றுக்கு மிகவும் முக்கியம்.

கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை ஆகியவற்றுக்கு வேறு முறை. தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, உச்சிவெயிலில் கிளை நிழல் விழும் வட்டத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, எருவைப் போட்டு, மண்ணால் மூடி, மேலே சருகு மூடாக்குப் போட்டேன். தண்டை ஒட்டி எருவைக் குவித்தால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். எருவை மூடாமல் மேலே தூவி விட்டுவிடுவதும் தவறு. சுண்ணாம்பு மண்ணில் வெயில் படும்போது தழைச்சத்து பறந்துவிடும். கறிவேப்பிலையின் மஞ்சள் தளிர் முழுக்க மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மட்கிலிருந்து வரும் அங்கக அமிலங்கள் இரும்புச்சத்தை வேருக்கு எட்டும் நிலையில் வைத்திருப்பதால் புதிய கொழுந்தின் நிறம் ஓரளவு தேறியிருக்கிறது. சுக்கான் மண்ணில் அதற்கு மேல் வேண்டுமென்றால் இரும்பு சல்பேட்டை இலைமேல் தெளிக்க வேண்டியிருக்கும்.

தொட்டிச் செடிகளுக்கு எருவை நேராக இடாமல் ஊறல் நீராகக் கொடுக்கிறேன். மட்கிய எருவைப் பருத்தித் துணியில் முடிந்து, பத்து மடங்கு தண்ணீரில் ஓர் இரவு தொங்கவிட்டு, வெளிர் தேநீர் நிறம் வரும்வரை மேலும் தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றலாம். தொட்டியில் உப்பு தேங்கும் என்பதால் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை அடித்துளையில் ஒழுகும்வரை விட்டுக் கழுவிவிடுவது நல்லது. முள்ளங்கி, கேரட், அவரை வகைகளுக்குப் புதிய எருவே வேண்டாம். முந்திய பயிருக்கு இட்டதில் எஞ்சியது அவற்றுக்குப் போதும். புதிய எருவில் முள்ளங்கி கிளைவிட்டுப் பிளக்கும், அவரைக்கோ வேர் முடிச்சே தழைச்சத்தைத் தந்துவிடும்.

உடல்நலம் குறித்தும் சொல்லியாக வேண்டும். பட்டியைக் கூட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. மூக்கையும் வாயையும் இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்த பிறகே கூட்ட வேண்டும். ஆடு குட்டி ஈன்ற இடத்தில் நஞ்சுக்கொடியும் நீரும் கலந்த கூளத்தில் கியூ காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது தூசி வழியாகப் பரவும், வெளியில் நெடுநாள் உயிரோடிருக்கும். கருவுற்ற பெண்களும் இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களும் அந்த வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். குட்டி ஈன்ற மூலையின் கூளத்தை நான் எடுப்பதில்லை. கையுறை அணிவதும், டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் எரு வேலை செய்யும் எவருக்கும் பொருந்தும். மட்காத எருவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், நான் மேலே குறிப்பிட்ட அதே அமெரிக்க விதி, மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பும் மற்றவற்றுக்கு 90 நாட்களுக்கு முன்பும் அதை மண்ணில் கலந்துவிடச் சொல்கிறது. கீரையும் கொத்தமல்லியும் அதைவிடக் குறைந்த நாட்களில் அறுவடையாகிவிடும் என்பதால் அவற்றின் பாத்திக்குப் பச்சை எரு ஒருபோதும் ஆகாது.

இரண்டு குவியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறுபாடு எல்லாக் கட்டத்திலும் தொடர்ந்தது. கூளம் பரப்பிய படலின் எரு முன்னதாகச் சூடேறியது, முன்னதாக மட்கியது, நெடி குறைவாக இருந்தது, மணல் குறைவு என்பதால் சலிப்பதும் எளிதாக இருந்தது. பட்டிக்காரப் பெரியவர் அடுத்த பருவத்தில் எல்லாப் படல்களுக்கும் கூளம் பரப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். கடலை உரிக்கும் மாசி, பங்குனி மாதங்களில் ஓடு மலிவாகக் கிடைக்கும்போது மூட்டை கட்டிக் கொட்டகையில் சேர்த்துவிட வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு எரு தேவை என்றால் சித்திரையிலேயே குவியல் போட்டாக வேண்டும். அந்த வெயிலில் ஈரம் நிற்க, குவியலின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதன்மேல் நனைத்த சாக்கைப் போர்த்திவிடுகிறேன். மழைக்காலக் குவியலுக்குச் சாக்கு உதவாது. அதற்குத் தார்ப்பாய் வேண்டும். அதையும் குவியலின் மேல் ஒட்டப் போடாமல், நான்கு மூங்கில் நட்டுச் சரிவாகக் கட்டினால் காற்று உள்ளே போகும், மழைநீர் சாம்பல்சத்தைக் கரைத்துக்கொண்டு போகாது.